கழற்றி வைக்கப்பட்ட கால்கள்: ஜெய்ப்பூர் செயற்கைக்கால் உருவான விதம் குறித்த பயனர் ஆய்வு நோக்கு

1960களின் பிற்பகுதியில், ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பியல் அறுவை மருத்துவராக இருந்த பி.கே. சேத்தி ஒரு முரணைக் கவனித்தார். காலை இழந்து, செயற்கைக்கால் பொருத்தப்பட்டு, அதைக் கொண்டு நடக்கப் பயிற்சியும் பெற்றுச் சென்றவர்களில் பலர் மறுபடியும் ஊன்றுகோலுக்கே திரும்பியிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கால் தரக்குறைவானது அல்ல. அக்காலத்தின் சிறந்த பொறியியல் அறிவு அதற்குப் பின்னால் இருந்தது. ஆனாலும் அதை அவர்கள் கழற்றி வைத்துவிட்டார்கள்.

பயனரை மையமாகக் கொண்ட வடிவமைப்பைக் கற்பிக்கும் வகுப்புகளில் ஜெய்ப்பூர் கால் பெரும்பாலும் மலிவுக்கான எடுத்துக்காட்டாகவே பேசப்படுகிறது. அதன் விலைக் குறைவு உண்மைதான். ஆனால் அது விளைவுகளுள் ஒன்று மட்டுமே. மருத்துவர், கைவினைஞர், நோயாளி ஆகிய மூவரும் ஒரே கட்டடத்தில், ஒருவர் சொல்வதை மற்றவர் அன்றன்றே சோதித்துப் பார்க்கும் தொலைவில் இருந்தார்கள் என்பதும், ஒப்படைக்கப்பட்ட பொருள் பயன்பாட்டில் இருக்கிறதா என்ற கேள்வி உரிய நேரத்தில் கேட்கப்பட்டது என்பதுமே இந்த நிகழ்வைக் கூர்ந்து படிக்கத் தகுந்ததாக ஆக்குகின்றன. இந்தக் கட்டுரை அந்த இரண்டையுமே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

யாருக்காகச் செய்யப்பட்ட பாதம்

இந்தியாவில் செயற்கைக்கால் என்பது முதலில் படைவீரர்களுக்கான ஏற்பாடாகவே வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல், புணேயில் செயற்கை உறுப்பு மையம் தொடங்கப்பட்டது. அதன்பின் 1950களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான 'சாச்' வகைப் பாதம் உலகெங்கும் பரவியது. அதன் அமைப்பு எளிமையானது, அறிவுக்கூர்மையும் கொண்டது. அசையாத கணுக்கால், அதிலிருந்து பாதத்தின் முன்பகுதிவரை நீண்டு செல்லும் ஒரு கட்டை, குதிகாலில் ஆப்பு வடிவில் மென்மையான ரப்பர். குதிகால் தரையில் படும்போது அந்த ரப்பர் அமுங்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. அடி எடுத்து முன்னேறும்போது உள்ளிருக்கும் கட்டை நெம்புகோல்போல உடலைத் தள்ளிவிடுகிறது. தேய்ந்துபோகக்கூடிய அசையும் மூட்டு எதுவும் அதில் இல்லை.

இந்தப் பாதம் ஒரு வாழ்க்கை முறையைத் தனக்குள் எடுத்துக்கொண்டே உருவாகியிருந்தது. அதை அணிபவர் காலணி போட்டிருப்பார், நாற்காலியில் அமர்வார், சமதளத்தில் நடப்பார், தண்ணீருக்குள் இறங்கமாட்டார் என்ற நான்கும் அதன் வடிவமைப்பிலேயே இருந்தன. எந்த ஆவணத்திலும் இவற்றை நிபந்தனைகளாக எழுதவேண்டிய தேவை வடிவமைத்தவர்களுக்கு இருந்திருக்காது. அவர்களைச் சுற்றியிருந்த எல்லோரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். பயனர் ஆய்வில் மிகவும் கடினமான வேலை இதுதான்: யாரும் சொல்லாத, சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றாத அனுமானங்களை வெளியே எடுப்பது.

ராஜஸ்தானத்து உழவர் ஒருவரின் ஒரு நாளை அந்த நான்கு அனுமானங்களுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் பொருத்தமின்மை உடனே தெரிந்துவிடும். காலையில் கழிப்பிடத்தில் குந்தி உட்காரவேண்டும். உண்பதும் உறவினரோடு பேசியிருப்பதும் தரையில் சம்மணமிட்டுத்தான். வரப்பிலும் உழுத நிலத்திலும் நடக்கவேண்டும், பாய்ச்சிய நீரில் நிற்கவேண்டும். கோயிலுக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் காலணியோடு நுழைய முடியாது. காலணி இல்லாமல் வெளியே தெரியும் சாச் பாதமோ பார்ப்பதற்குக் கால்போல இருக்காது. ஈரத்தில் விரைவில் கெட்டும் போகும்.

இவற்றுள் குந்துவதும் சம்மணமிடுவதும் இயக்கவியல் நோக்கில் சற்று விரிவாகப் பார்க்கவேண்டியவை. குந்தும்போது முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி பாதத்தின்மேல் முன்புறமாக நன்றாகச் சாயவேண்டும். முன்பகுதிவரை கட்டை நீண்டிருக்கும் பாதத்தில் இந்த மடிப்புக்கு இடமில்லை. குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, உடலின் எடை விரல்பகுதியில் நிற்கிறது, சமநிலை குலைகிறது. சம்மணமிடும்போது நேர்வது இன்னும் நுட்பமான சிக்கல். அப்போது பாதம் தன் அச்சில் சற்றுத் திரும்பவேண்டும். திரும்ப மறுக்கும் பாதம் அந்த முறுக்கு விசையை மேல்நோக்கி அனுப்பிவிடுகிறது. அது போய்ச் சேருமிடம் எஞ்சிய காலைப் பற்றியிருக்கும் 'கூடு' என்ற உறையும், அதற்குள் இருக்கும் தோலும். அணிந்தவருக்கு 'உட்கார்ந்தால் வலிக்கிறது' என்பது மட்டுமே தெரியும். வலி காலின் மேற்பகுதியில் இருப்பதால் குறையும் அங்கேதான் இருக்கிறது என்று அவரும் மருத்துவரும் எண்ணக்கூடும். காரணமோ பாதத்தில் இருக்கிறது. நேர்காணலை மட்டும் நம்பிய ஆய்வு இந்த இடத்தில் தவறான உறுப்பைத் திருத்தப் போயிருக்கும்.

கைவிடலைத் தரவாக ஏற்றல்

ஒருவர் தமக்குக் கொடுக்கப்பட்ட கருவியைப் பயன்படுத்தாமல் விட்டால், அதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். அவருக்குப் பயிற்சியோ மன உறுதியோ போதவில்லை என்பது ஒன்று. கருவி அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்பது மற்றொன்று. முதல் விளக்கம் எந்த நிறுவனத்துக்கும் வசதியானது, ஏனெனில் அதை ஏற்றால் பொருளில் எதையும் மாற்றவேண்டியதில்லை. சேத்தி இரண்டாவதை ஏற்றார். இந்த நிகழ்வில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த முடிவைத்தான். தொழில்நுட்பத் திறனைக் காட்டிலும் இது அரிதானது. தாமே பரிந்துரைத்த சிகிச்சை தோற்றது என்பதை ஒரு மருத்துவர் ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது.

ஆய்வு முறை என்ற அளவிலும் இதற்குத் தனி மதிப்பு உண்டு. மருத்துவமனையில் மருத்துவர் எதிரே நிற்கும் நோயாளி, இலவசமாகவோ பெரும் செலவிலோ பெற்ற ஒன்றைக் குறைசொல்லத் தயங்குவார். கேட்டால் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார். நம் நாட்டில் பயனரிடம் பேசும் எவரும் இந்த மரியாதைப் பேச்சை எதிர்கொண்டே ஆகவேண்டும். வீட்டுக்குப் போனபின் அவர் என்ன செய்தார் என்பதில் அந்த மரியாதை கலப்பதில்லை. ஊன்றுகோலுடன் திரும்பி வந்தது எவராலும் திருத்தி எழுத முடியாத பதில். ஆகவே நடத்தையை முதலில் பார்த்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்விக்குப் போவதே சரியான வரிசை. 'கால் எப்படி இருக்கிறது?' என்று கேட்பதற்கும், 'எதைச் செய்யும்போது இதைக் கழற்றினீர்கள்?' என்று கேட்பதற்கும் இடையில் பெரிய தொலைவு இருக்கிறது. பின்னதற்குக் கிடைக்கும் பதிலில் ஒரு இடமும் ஒரு செயலும் நிச்சயமாக இருக்கும்.

இந்த வழியில் சேர்ந்த புரிதல் ஒரு தேவைப் பட்டியலாகத் திரண்டது. சேத்தியும் அவருடைய உடனுழைப்பாளர்களும் 1978இல், செயற்கை உறுப்புகளுக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரையில் அதைக் காணலாம். காலணி இல்லாமலே பயன்படவேண்டும். மேற்பரப்பு நீர் புகாததாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும். குந்துவதற்கு இடம்கொடுக்கும் அளவுக்குக் கணுக்கால் மடங்கவேண்டும். நடக்கவும் சம்மணமிடவும் ஏற்றபடி பாதம் திரும்பவேண்டும். மேடுபள்ளத்தில் இருபுறமும் சாய்ந்துகொடுக்கவேண்டும். இயல்பான பாதம்போலத் தோன்றவேண்டும். எளிதில் கிடைக்கும் பொருள்களால் மலிவாகச் செய்ய முடியவேண்டும்.

இப்பட்டியலில் பெரும்பாலானவை பாகங்களைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இத்தனை அளவுள்ள மூட்டு, இன்ன வகை உலோகம் என்று எதுவும் இல்லை. மனிதர் செய்யவேண்டிய செயல்கள் இருக்கின்றன. இதனால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. பட்டியலிலுள்ள ஒவ்வொரு வரியையும் நோயாளியே பட்டறைத் தரையில் சோதித்துவிடலாம்: குந்திப் பார்க்கலாம், சம்மணமிட்டுப் பார்க்கலாம், வெளியே மண்ணில் நடந்து பார்க்கலாம், அளவுக்கருவியோ எழுத்தறிவோ தேவையில்லை. மற்றொன்று, தீர்வைத் தேடுபவரின் கை கட்டப்படவில்லை. பொறியியல் பாடம் படிக்காத ஒருவரும் அந்தத் தேடலில் சமமாகப் பங்கெடுக்க முடிந்தது. அந்த ஒருவர்தான் ராம் சந்திர சர்மா.

பட்டறை

எல்லோராலும் 'மாஸ்டர்ஜி' என்று அழைக்கப்பட்ட சர்மா, கைவினை மரபில் வந்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க வந்தவர் அவர். நோயாளிகளோடு நாள்முழுதும் இருப்பவர், அவர்கள் எப்படி எழுகிறார்கள், எதைப் பிடித்து உட்காருகிறார்கள் என்பதை மருத்துவரைவிட நெருக்கமாகக் கண்டவர். சிற்பியின் கண்ணும் அவருக்கு இருந்ததால், இயல்பான பாதம்போன்ற ஒன்றை வடிப்பது அவருக்குப் புதிதாக இருக்கவில்லை.

தோற்றம் கிடைத்துவிட்டாலும் பொருள் கிடைக்கவில்லை. நீரைத் தாங்கவேண்டும், வளையவேண்டும், வெறுந்தரையில் உரசித் தேயாமல் இருக்கவேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தபோது ரப்பர் நினைவுக்கு வந்தது. ரப்பரை அச்சில் இட்டு வேகவைத்து உறுதியாக்கும் வேலை ஜெய்ப்பூரிலேயே நடந்துகொண்டிருந்தது. லாரி டயர்களுக்குப் புதுப் பட்டை போடும் கடையில். உள்ளூர் டயர்க்கடையின் உதவியோடு முதல் ரப்பர் பாதங்கள் செய்யப்பட்டன. முழுக்க ரப்பரால் ஆன பாதம் நீரைத் தாங்கியது. ஆனால் கனமாக இருந்தது, வேண்டிய அளவு வளையவில்லை. அதன்பின் உள்ளமைப்பு படிப்படியாக மாறியது. சாச் பாதத்தின் நீண்ட கட்டை எடுக்கப்பட்டது. அதன் இடத்தில் குதிகால் பகுதிக்கும் முன்பாதத்துக்கும் பஞ்சுபோன்ற ரப்பர்த் துண்டுகள் வைக்கப்பட்டன. காலின் மேற்பகுதியோடு இணையும் கணுக்கால் இடத்தில் மட்டும் மரம் நின்றது. இவை டயருக்குள் வைக்கப்படும் இழையால் வரிந்து இறுக்கப்பட்டு, தோல்நிற ரப்பரால் போர்த்தப்பட்டு, அச்சில் வைத்து வேகவைக்கப்பட்டன. குதிகால் பகுதியிலுள்ள பஞ்சு ரப்பர் எல்லாத் திசைகளிலும் சாயவும் திரும்பவும் இடம்கொடுத்ததால், தனித்தனி மூட்டுகள் செய்யவேண்டிய வேலைகளை ஒரே துண்டு செய்தது. பெருவிரலுக்கு இடைவெளி இருந்ததால் செருப்பும் மாட்டிக்கொள்ளலாம்.

காலின் மேற்பகுதியை அலுமினியத் தகட்டால் செய்தார்கள். தகட்டை அடித்து வளைத்து வடிவுக்குக் கொண்டுவரும் கைத்திறன் பாத்திரத் தொழிலில் ஏற்கெனவே இருந்தது. மரத்தையும் தோலையும்போல ஈரத்தில் கெடாது. நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். ஒரு பொருளைப் பழுதுபார்க்க யார், எங்கே இருக்கிறார் என்பதைப் பயனர் ஆய்வின் பகுதியாக எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

இங்கே முன்மாதிரி என்பது கருத்தை அதிகாரிகளுக்குக் காட்டும் பொருளாக இருக்கவில்லை, அதுவே ஆய்வுக் கருவியாக இருந்தது. எழுதப்பட்ட வரைபடத்தைக் காட்டி 'இது உங்களுக்குச் சரிவருமா?' என்று உழவரைக் கேட்டால் அவரால் எதுவும் சொல்ல முடியாது. பாதத்தை மாட்டிவிட்டுக் குந்தச் சொன்னால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே உடல் பதில் சொல்லிவிடும். அந்தப் பதிலைப் பார்த்தவரே செய்பவராகவும் இருந்ததால், இடையில் அறிக்கை எழுதி அனுப்பி, அது வேறொருவரால் வேறுவிதமாகப் புரிந்துகொள்ளப்படும் இழப்பு நேரவில்லை. இன்றைய நிறுவனங்களில் ஆய்வுக் குழு ஒரு தளத்திலும் வடிவமைப்புக் குழு இன்னொரு தளத்திலும் இருப்பதையும், இரண்டுக்கும் இடையில் நாற்பது பக்க விளக்கக்காட்சி பயணம் செய்வதையும் காணும்போதெல்லாம், அந்தப் பட்டறையின் அமைப்பையே ஒரு முறையாகக் கற்பிக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

பங்கேற்பு என்பது உழைப்பைப் பெற்றுக்கொண்டு பெயரை மறைப்பதாகவும் ஆகிவிடக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லவேண்டும். 1978 கட்டுரையின் ஆசிரியர்களில் நான்காவதாக இருக்கும் பெயர் ஆர். சந்திரா, அதாவது மாஸ்டர்ஜி. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத ஒரு கைவினைஞர் பன்னாட்டு மருத்துவ ஆய்விதழில் இணையாசிரியராக இடம்பெற்றது சரியான செயல். ஆனால் 1981இல் ரமோன் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் சேத்திக்கு வந்தபோது, உலகம் ஒரு மருத்துவரின் கண்டுபிடிப்பாகவே இதைப் பெரும்பாலும் அறிந்துகொண்டது. அந்த மதிப்புக்குச் சேத்தி முழுத் தகுதி உடையவர். சர்மாவின் பெயரும் அதே அளவுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

மேடையேறிய பாதம்

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், 1981இல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு பயிற்சி செய்து 1984இல் மீண்டும் மேடையில் ஆடினார். மன உறுதிக்கான கதையாக இது பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. வடிவமைப்பு நோக்கில் வேறொன்றும் தெரிகிறது. பரதநாட்டியம் வெறுங்காலால் ஆடப்படுவது. அரைமண்டியில் நிற்கவேண்டும், பாதத்தைத் தட்டவேண்டும், குதிகாலிலும் விரல்களிலும் மாறி மாறி எடையைத் தாங்கவேண்டும். சராசரிப் பயனரைவிடப் பல மடங்கு கடுமையாகப் பொருளைச் சோதிக்கும் ஒருவரை ஆய்வில் சேர்த்துக்கொள்வது இன்று வழக்கமான உத்தி. வெறுந்தரையில் உழவர் நடக்கவேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பண்புகளே நடனத்துக்கும் அடித்தளமாக நின்றன.

பெருகியபோது மாறியது

1968 முதல் 1975 வரை ஜெய்ப்பூர் கால் பெற்றவர்கள் 59 பேர் மட்டுமே என்று பதிவுகள் சொல்கின்றன. 1969இல் சாலை விபத்தில் சிக்கிக் காலை இழக்கும் நிலைக்குச் சென்று மீண்ட ஆட்சிப் பணி அதிகாரி டி.ஆர். மேத்தா, 1975இல் பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கிய பிறகே இது பெருந்தொகையினரைச் சென்றடைந்தது. அந்த அமைப்பின் சேவை முறையும் கூர்ந்த பயனர் புரிதலிலிருந்து வந்ததே. தொலைவிலிருந்து வரும் ஏழை நோயாளிக்கு ஒவ்வொரு நாள் காத்திருப்பும் கூலி இழப்பு; துணைக்கு வருபவருக்கும் அப்படியே. ஆகவே எந்நேரத்தில் வந்தாலும் சேர்த்துக்கொள்வது, உணவும் தங்குமிடமும் கொடுப்பது, குறுகிய காலத்தில் காலைப் பொருத்தி இலவசமாக அனுப்பிவைப்பது என்று அது அமைந்தது. கால் மட்டுமல்லாமல் காலைப் பெறும் அனுபவமும் வடிவமைக்கப்பட்டது.

பாதத்துக்குக் காப்புரிமை வாங்கப்படாததால் அது எல்லை தாண்டியும் பரவியது. இலங்கையில் போரும் கண்ணிவெடிகளும் கால்களைப் பறித்த காலத்தில், 1980களில் ஜெய்ப்பூர் கால் செய்யும் பணி அங்கே தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் அப்பெயரிலேயே ஒரு நிலையம் இயங்கிவருகிறது. ராஜஸ்தானத்து வறண்ட நிலத்தில் எழுதப்பட்ட தேவைப் பட்டியல் ஈழத்து நெல்வயலுக்கும் பொருந்தியதற்குக் காரணம், அது 'இந்தியப் பயனர்' என்ற அடையாளத்தை வைத்து எழுதப்படாமல் குந்துதல், வெறுங்காலுடன் வீட்டுக்குள் நுழைதல், சேற்றில் நிற்றல் என்ற செயல்களை வைத்து எழுதப்பட்டதே.

ஆனால் பெருக்கத்தோடு ஒரு இழப்பும் வந்தது. ஒரே நாளிலோ சில நாள்களிலோ கால் பெற்று ஊர் திரும்புபவர், முகாமில் கால் பெற்றுக் கலைந்து செல்பவர் ஆகியோரை ஆறு மாதம் கழித்துச் சந்திக்க வழியில்லை. ஜெய்ப்பூர் காலைப் பிறப்பித்ததே பழைய நோயாளிகள் என்ன ஆனார்கள் என்ற கவனம்தான். அந்தக் கவனத்தை நிலைநிறுத்துவது எண்ணிக்கை கூடக் கூடக் கடினமாகிறது. பின்னாளில் காலின் மேற்பகுதிக்கு அலுமினியத்துக்குப் பதிலாக அடர் பாலிஎத்திலீன் குழாய் வந்தது. எடை குறைந்தது, செய்வது விரைவானது. இந்தத் தொழில்நுட்பத்தில் கால் பெற்றவர்களை ஹோண்டுராஸ், உகாண்டா, இந்தியா ஆகிய நாடுகளில் பின்தொடர்ந்து, 2004ஐ ஒட்டி வெளியான களஆய்வுகள், எஞ்சிய காலைத் தாங்கும் கூட்டின் பொருத்தத்திலும் காலின் நேரமைப்பிலும் கணிசமான குறைகளைச் சுட்டின. பாதத்தின் வடிவமைப்பில் செலுத்தப்பட்ட அதே அக்கறை கூட்டின்மீது செலுத்தப்படவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன். பாதத்தைப் பட்டறையில் வரிசையாகச் செய்துவிடலாம். கூடு ஒவ்வொருவர் உடலுக்கும் தனித்தனியாக அமைவது. அது சரியாக அமைந்ததா என்பதை முதல் நாளில் முழுமையாக அறிய முடியாது, ஏனெனில் எஞ்சிய கால் காலப்போக்கில் சுருங்கி வடிவம் மாறும்.

தொடைப் பகுதியில் காலை இழந்தவர்களுக்கான முழங்கால் மூட்டின் கதை இதற்கு மறுபக்கமாக நிற்கிறது. சமிதியோடு இணைந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 2008ஐ ஒட்டி ஒரு மூட்டை வடிவமைத்தார்கள். எண்ணெய் ஊறிய நைலானால் ஆனது என்பதால் தனியே மசகு தேவைப்படாது. ஏறத்தாழ 20 டாலர் செலவில் செய்யலாம். ஒற்றை அச்சில் மடங்கும் மலிவான மூட்டுகள் நடுவில் சட்டென்று மடிந்து ஆளை விழச்செய்யும். நான்கு இணைப்புகள் கொண்ட இந்த அமைப்பு நிற்கும்போது உறுதியாக நின்று, அடியெடுக்கும்போது மட்டும் மடங்கியது. 2009இல் 'டைம்' இதழ் இதை ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. இந்த முறை, பொருத்தியபின் பயனர்களிடம் திரும்பிச் செல்லும் பணி திட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அப்படிச் சென்றபோது வந்த குறைகளில் இரண்டு, எந்த இயக்கவியல் சோதனையிலும் அகப்படாதவை: நடக்கும்போது மூட்டு 'க்ளிக்' என்று ஒலி எழுப்பியது, அதன் சதுர வடிவம் உடைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது. விழாமல் நடக்க முடிந்தவர்கள் அடுத்துக் கேட்டது, பிறர் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும் என்பதை. மூன்றாம் பதிப்பில் மூட்டின் விளிம்புகள் வளைவாக்கப்பட்டன, ஒலியை அடக்க மெத்தை வைக்கப்பட்டது, மடங்கும் கோணமும் கூட்டப்பட்டது.